எஞ்சின் இல்லாத வண்டியில் எழுபது

எஞ்சினே இல்லாத மோட்டார் சைக்கிளில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போனவன் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான். சிரிக்காதீர்கள். ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போகாது, நாளுக்கு நாலு பொய்யாவது சொல்லுவேன், ஒத்துக்கொள்கிறேன். இது அந்த நாலில் சேராது. இது நடந்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வேலையில்லாமல் அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். கடைசியில் ஒரு மருந்துக் கம்பெனியில் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கிற வேலை கிடைத்தது. வண்டி அவர்களே தருவார்கள். ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆரம்பப் பயிற்சி. அதில் வண்டியை ஒழுங்காக நகர்த்தி நிறுத்தத் தெரியாதவனை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

எனக்கு சைக்கிளே ஆடும். மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் என் முழங்கால்கள் மோதிக்கொள்ளும் சத்தத்தில் அடுத்த தெரு நாய்கள் எழுந்து குரைக்கும்.

அக்கா புருஷன் மெக்கானிக். பேய், பிசாசு, என் திறமை… மூன்றிலும் நம்பிக்கை இல்லாதவர்.

"மாமா, ஒரு வண்டி குடுங்களேன். பழகிக்கிறேன்."

"ஓடுற வண்டிய உன்கிட்ட குடுத்துட்டு நான் எங்க போய் அழறது? பின்னாடி கொட்டகையில ஒண்ணு நிக்குது. எஞ்சினக் கழட்டி மேசையில வெச்சிருக்கேன். வெறும் கூடு. அதுமேல உக்காந்து கிளட்ச், கியர், பிரேக்குன்னு ஜபம் பண்ணு."

"விழுந்துட்டேன்னா?"

"நடு ஸ்டாண்டுல நிக்குது மாப்ளே. அதுலேர்ந்தும் விழுந்தா நீ மனுஷனே இல்ல."

சாயங்காலம் மணி ஏழேகால். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கொட்டகைக் கதவைச் சாத்தினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறையில் மாமா அரம் போடும் சத்தம். கர்ர்… கர்ர்…

கிளட்ச் பிடி தொளதொளவென்று ஆடியது. கியர் மிதி எஞ்சினோடு போய்விட்டது. அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றை மிதித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கிளட்சைப் பிடி. கியரைப் போடு. மெல்ல விடு. பிரேக். மறுபடி. மறுபடி. இந்த வேலையும் போனால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்? 

கிளட்சைப் பிடி. கியரைப் போடு…

டக்.

இடது காலில் ஏதோ பட்டது. இரும்பு. அங்கே இல்லாத இரும்பு.

கிளட்ச் பிடி விறைத்தது. என் விரல்கள் தானாக விட்டன. டுப்… டுப்… டுப்… தொடைக்கு நடுவில் அதிர்வு. பெட்ரோல் வாசனை. முகத்தில் காற்று. கதவு சாத்தியிருந்தது!

கண்ணைத் திறந்தேன். முன்சக்கரம் அசையவில்லை. வேகமானியின் முள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. இருபது… நாற்பது…

குதிக்கப் பார்த்தேன். கைகள் பிடியை விட்டு வரவில்லை.

"மாமா!"

அரச் சத்தம் நின்றது. யாரும் வரவில்லை.

அறுபது… எழுபது…

பிரேக்கை மிதித்தேன். பெடல் இறங்கவில்லை. ஏறி நின்று மிதித்தேன். அடியில் ஏதோ தடுத்தது. மெத்தென்று…

வெறுங்காலால் துழாவினேன்.

விரல்கள்.

பெடலுக்கு அடியில் ஒரு பாதம்.

என் காலைவிட அது அதிகமாக நடுங்கியது.

காதருகே ஒரு குரல். அழுகிற குரல்.

"நிறுத்துங்க… யாராச்சும் நிறுத்துங்களேன்…"

மடார்!

தரையில் கிடந்தேன். வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு மாமா வந்தார். சொன்னேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்தபடி கேட்டு முடித்தார்.

"தூங்கி விழுந்திருக்கே. போய்ப் படு."

அன்று ராத்திரி தூங்கவில்லை. ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். போக இடமில்லை. காலையில் பயிற்சிக்குத்தான் போனேன். ஒவ்வொரு தடவையும் குனிந்து, என் கால் பெடலுக்கு மேலேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளப்பினேன். ஒரு தடவைகூட அணையவில்லை. நிறுத்தச் சொன்ன இடத்தில் கோடு கிழித்த மாதிரி நின்றேன். பயிற்சியாளர் ஆனந்தக் கண்ணீர் விட்டார். தூசி என்று அவர் சொல்லிக்கொண்டார்.

வேலை உறுதியாகிவிட்டது என்று சொல்லச் சாயங்காலம் பட்டறைக்கு ஓடினேன். மாமா அந்த வண்டியை ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தார். வளைந்த ஆணியைக்கூட எறியாத மனிதர்!

"என்ன மாமா இது?"

அறுத்த துண்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு ரம்பத்தை வைத்தார்.

"உன் வயசுப் பையனோடது. மறுநாள் பயிற்சின்னு முந்தின நாள் சாயங்காலம் தனியா பழகிப் பாத்திருக்கான். பிரேக் போடப் போனப்ப கால் வழுக்கி பெடலுக்கு அடியில மாட்டிக்கிச்சு. மிதிக்க முடியல. நேரா லாரியில…"

"இத ஏன் நேத்தே சொல்லல?"

பதிலுக்கு வலது கையில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வரிவரியாக… எஞ்சினின் தகடுகள் பதிந்த மாதிரி.

"நீ கத்துனப்ப எஞ்சினு என் கையிலதான்டா இருந்துச்சு. பாதி பிரிச்சுப் போட்டது. கொதிச்சுது." துணியை மறுபடி சுற்றினார். "நீ போனது நெஜந்தான் மாப்ளே."