ஒரே கணக்கில் நாலு பேர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் சிடுசிடுக்கவில்லை. உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா என்று மாமியாரே கவலையாகக் கேட்டார். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சந்தோஷம், அவ்வளவுதான்.

வலைத்தளம் நடத்துகிறவர்கள் செய்தி எழுதவும் படம் போடவும் உதவும் மென்பொருள் ஒன்றைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்திருக்கிறோம். கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையின் மாடியில் உட்கார்ந்து, சம்பள வேலை போக மிச்ச நேரத்தில் நானும் அதில் கை வைத்து வருகிறேன். அதன் அடுத்த நிலையான பதிப்பைத் தயார் செய்து வெளியிடும் பொறுப்பு முதல்முறையாக என்னிடம் வந்திருந்தது.

"நிலையானதுன்னா இன்னா?" என்று கேட்டார் மாமியார்.

"பந்தக்கால் நட்டப்புறம் மாப்பிள்ளைய மாத்துவீங்களா அத்தே? அந்த மாதிரி. இனிமே புதுசா எதையும் சேக்க மாட்டோம். இருக்கறதுல கோளாறு இருந்தா மட்டும் சரி பண்ணுவோம். எல்லாம் ஒழுங்கா நின்னா வெளிய விடுவோம்."

"அப்ப மாப்பிள்ளைக்குக் கோளாறு இருந்தா கல்யாணத்துக்கு முந்தியே தெரிஞ்சிடும். நல்ல வேலதான்" என்றார் அவர்.

சோதனைகள் எல்லாம் கோளாறு இல்லை என்று பச்சை காட்டின. வெளியிடும் நாளையும் அறிவித்துவிட்டோம். அதற்கு முந்தைய நாள் மத்தியானம் கல்வராயன் மலையிலிருந்து அண்ணி கூப்பிட்டார். அண்ணனுக்கு வெள்ளிமலையில் வேலை. அண்ணி அங்கே மரவள்ளி போடுகிறவர்களின் சங்கத்தைப் பார்த்துக்கொள்கிறார். சங்கத்துக்கு ஒரு சின்ன வலைத்தளம் உண்டு, எங்கள் மென்பொருளில் ஓடுவது. அதன் நகல் ஒன்றில் புதிய பதிப்பைப் போட்டு, பழகிப் பாருங்கள் என்று கொடுத்திருந்தேன்.

"இன்னா நாத்தனாரே, உன் புதுசு நாங்க எழுதறத எல்லாம் முழுங்கிக்கினு இருக்குது."

"சேமிக்கிற பட்டன அமுக்கியிருக்க மாட்டீங்க அண்ணி."

"அமுக்கி அமுக்கி வெரலு தேஞ்சி போச்சி. போன்ல இன்னாத்துக்குக் கத்தற? வந்து பாரு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக இருந்தது எனக்கு. ஒரு வாரமாக அடங்கிக் கிடந்த கோபம் திரும்பி வந்துவிட்டது. மறுநாள் காலை முதல் பேருந்தில் மடிக்கணினியோடு ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் வரை வாய்க்குள்ளேயே அண்ணியோடு சண்டை போட்டுக்கொண்டு போனேன். அன்று மாலை வெளியீடு.

சங்கத்து அறையில் அண்ணியும் மலை ஊர்க்காரப் பெண்கள் மூன்று பேரும் எனக்குக் காட்டுவதற்காகக் கூடியிருந்தார்கள். வழக்கமாக அவரவர் வீட்டிலிருந்தே செய்வதுதான். ஆளுக்கு ஓர் ஊர். தினமும் காலையில் ஒரே அறிவிப்பைத் திறந்து, தன் ஊரில் எத்தனை மூட்டை கிழங்கு பிடுங்கி வைத்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் எழுதுவார்கள். லாரி டிரைவர் அதைப் பார்த்து அந்தந்த ஊருக்கு வண்டியை விடுவார். நாலு ஊரில் மேலே ஒதுங்கி இருக்கும் மேலூரில் போன் பேச சிக்னல் நிற்காது. எழுத்து மட்டும் எப்படியோ நழுவி இறங்கிவிடும். அறிவிப்பில் ஊர் இல்லையென்றால் லாரி வராது. பிடுங்கிய கிழங்கு நாள் தாங்காது.

நாலு பேரும் என் கண்ணெதிரே எழுதினார்கள். மேலூர் அக்காவுக்கு மின்னல் வேகம், முதலில் சேமித்தார். அண்ணி ஒற்றை விரலால் தட்டுகிறவர், கடைசியில் சேமித்தார். அறிவிப்பில் அண்ணியின் ஊர் மட்டும் இருந்தது. மற்ற மூன்று ஊரும் காணோம்.

அப்புறம்தான் கவனித்தேன். நாலு போனிலும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். அது கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதியும் இருந்தது. ஒருவர் எழுதும் பக்கத்தை வேறொருவரும் திறந்திருந்தால், ஒரே கணக்கானாலும் பழைய பதிப்பு எச்சரிக்கும். புதியதிலோ, அதே கணக்குதானே, அதே ஆள்தானே என்று சும்மா இருந்துவிடுகிறது. கடைசியாக வந்தவர் முந்தி வந்தவர்களின் மேல் எழுதிவிட்டுப் போகிறார்.

"ஆளுக்கு ஒரு கணக்கு வச்சிக்கினா இன்னா கொறஞ்சி போயிடும்?" என்று சீறினேன்.

மேலூர் அக்கா நிதானமாகச் சொன்னார்: "ஆளுக்கு ஒரு பேரு போட்டா, லாரி வராத அன்னிக்கி எந்த வூட்டு வாசல்ல வந்து சண்ட போடறதுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். இப்ப சங்கத்தோடதான் சண்ட போடணும். சங்கத்துக்கு ஏதுங்க வூடு?"

சிரிப்பு வந்துவிட்டது; அதை அடக்கவும் முடியவில்லை. இந்தப் பதிப்பு இப்படியே போனால் மேலூர்க் கிழங்குதான் முதலில் அழுகும். வெளியில் வந்து படியில் உட்கார்ந்து, வெளியீட்டை நிறுத்த வேண்டும் என்று குழுவுக்கு எழுதினேன். முதல் பொறுப்பிலேயே சொன்ன நாளைத் தவறவிடுகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

குழுவில் மூத்தவர் ஒருவர், கடல் தாண்டி இருப்பவர், உடனே மறுத்தார். ஓர் ஆளுக்கு ஒரு கணக்கு என்பதுதான் விதி, விதியை மீறுகிறவர்களுக்காகக் காத்திருப்பதா என்று கேட்டார். சூடாக ஒரு பக்கம் எழுதினேன். அழித்தேன். பிறகு இதை மட்டும் எழுதினேன்: "இங்கே நாலு பேர் இப்படித்தான் செய்கிறார்கள். உங்களில் யாருமே அப்படிச் செய்வதில்லையா?"

பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். ஒருவருடைய தேவாலயச் செய்திமடல் முழுவதும் ஒரே கணக்கில்தான் ஓடுகிறதாம். இன்னொருவருடைய பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் ஒரே கடவுச்சொல்லாம். கடைசியில் அந்த மூத்தவரே எழுதினார்: "என் மனைவியும் நானும் ஒரே கணக்கில்தான் எங்கள் குடும்பத் தளத்தை நடத்துகிறோம். புதிய பதிப்பைச் சோதனைக்குப் போட்ட பிறகு அவள் எழுதிய ஒரு சமையல் குறிப்பு காணாமல் போனது. அவள்தான் தொலைத்தாள் என்று வாதாடினேன். நிறுத்துங்கள்."

அதைத் தமிழில் படித்துச் சொன்னதும் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாவம், அந்தம்மா இன்னா பேச்சு கேட்டுச்சோ" என்றார் அண்ணி.

வெளியீடு இரண்டு நாள் தள்ளிப்போனது. அண்ணி வீட்டிலேயே தங்கி, அந்த மூத்தவரும் நானும் சேர்ந்து கோளாறைச் சரி செய்தோம். கணக்கைப் பார்க்காமல், பக்கம் எத்தனை இடத்தில் திறந்திருக்கிறது என்று பார்க்கும்படி மாற்றினோம். திருத்தம் சின்னதுதான். ஆனால் சும்மா விடக் கூடாது என்று நாலு பேரையும் கூப்பிட்டு, முடிந்தால் இதைக் கெடுத்துக் காட்டுங்கள் என்றேன். இப்படி ஒரு வேலையை அவர்களுக்கு யாரும் தந்ததில்லை போலிருக்கிறது. ஒரே நேரத்தில் அமுக்கினார்கள், பாதியில் போனை அணைத்தார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்தார். ஒவ்வொரு தடவையும் மென்பொருள் நின்று, இதற்குள் வேறொருவர் எழுதியிருக்கிறார், சேர்க்கட்டுமா என்று கேட்டது.

அந்த இரண்டாம் நாள் மாலை பொத்தானை அமுக்கினேன். நிலையான பதிப்பு வெளியே போனது.

"அவ்ளோதானா? ஒரு தேங்காகூட ஒடைக்கல" என்றார் அண்ணி.

மறுநாள் விடிந்ததும் சங்கத்தின் நிஜத் தளத்தில் புதியதை ஏற்றினேன். நாலு பேரும் அவரவர் வீட்டிலிருந்து எழுதினார்கள். அதற்குமேல் எனக்கு அறையில் இருப்புக்கொள்ளவில்லை. அண்ணியை இழுத்துக்கொண்டு, மேலூருக்குப் பாதை பிரியும் இடத்துக்குப் போனேன். மூன்று ஊர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. நேரே போனால் கீழே இறங்கிவிடும். டிரைவர் வண்டியை நிறுத்திப் போனை எடுத்துப் பார்த்தார். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கை வளைத்து மேலே திருப்பினார்.

உலகத்தில் எத்தனையோ பேர் அந்தப் பதிப்பை அப்போது இறக்கிக்கொண்டிருந்திருப்பார்கள். எனக்கு அந்த ஒரு லாரி போதுமாக இருந்தது. அது திரும்பி வரும்வரை அங்கேயே நின்றோம். வந்தபோது மூட்டைகளின் மேல் மேலூர் அக்கா உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் போனை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.