தோல் நீளாமல் இருக்க ஒரு முட்டி

அந்தத் தெருவில் அவளுக்கு டொக்டொக் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. வெளியே யாருக்கும் அது தேவைப்படவில்லை. காலை பத்து மணிக்கு அவள் வீட்டுக் கீழறையிலிருந்து டொக் டொக் என்று மரச்சுத்தியல் சத்தம் கிளம்பும். அதைக் கேட்டுத்தான் எதிர்வீட்டில் உலை வைப்பார்கள்.

ஒன்பது வருஷம் பை தைக்கும் கம்பெனியில் கைப்பிடி மட்டும் தைத்தவள் அவள். பையின் உடம்பு எப்படி இருக்கும் என்றுகூடக் கண்ணால் பார்த்ததில்லை. முப்பத்தெட்டாவது வயதில், போதுமடா சாமி என்று ஒரு மூட்டைத் தோல் துண்டுகளோடு வெளியே வந்தாள். ஈரத் தோலில் கத்தியால் கோடு கீறி, பளிங்குக் கல்மேல் போட்டு இரும்பு அச்சுகளை வைத்துத் தட்டி, இலையும் கொடியும் மாதுளம்பூவும் எழுப்பத் தானாகவே கற்றுக்கொண்டாள். முதல் இரண்டு வருஷம் அவள் தட்டிய மாதுளம்பூவைப் பார்த்தவர்கள் முட்டைக்கோஸ் என்றார்கள். அப்புறம் மாதுளம்பூவாகவே மலர்ந்தது.

பூ மலர்ந்ததில் குறை இல்லை. தோலும் கூடவே மலர்ந்ததுதான் வினை. தோலை நனைத்தால்தான் அச்சு பதியும். நனைந்த தோலைத் தட்டினால் அது சோம்பல் முறிப்பது போல நாலா பக்கமும் நீளும். ஒருவர் ஆசையாகக் கேட்ட பூவேலை பெல்ட்டு, வேலை முடிந்தபோது ஒன்றரை இஞ்சு வளர்ந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தவரை வழியில் நாலு பேர் நிறுத்தி, உடம்புக்கு என்ன, இப்படி இளைத்துவிட்டீர்களே என்று விசாரித்திருக்கிறார்கள். மனிதர் பயந்துபோய் ரத்தப் பரிசோதனைக்கே போய்விட்டார். இன்னொருவருக்குச் செய்த சதுரங்கப் பலகை மேல்தோல், பலகையைத் தாண்டி அரை இஞ்சு வெளியே நாக்கை நீட்டியது. இரண்டும் போன வழியே திரும்பி வந்தன.

இதையெல்லாம் ஒரு ஜோடிக் கண் மாடியிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தது. அது நாத்தனாருடையது. முப்பது வருஷம் டிரில் டீச்சராக விசில் ஊதி, ஓய்வு பெற்று, எட்டு மாதத்துக்கு முன் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவர். வந்த மறுமாதமே அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆகவே கீழறையில் கட்டில் போட வேண்டும், அங்கே இருக்கிற கல்லையும் சுத்தியலையும் எங்கேயாவது ஓரம் கட்ட வேண்டும். அத்தாட்சி வேண்டுமா? இருக்கிறது. மஞ்சள் உறையில் ஓர் எக்ஸ்ரே படம்.

அந்தப் படத்தைப் பார்க்காதவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. பால் போடுகிறவர் பார்த்துவிட்டார். சிலிண்டர் கொண்டுவந்தவர் இறக்கி வைக்கும் முன்பே பார்த்துவிட்டார். நாத்தனார் மேல் மூலையில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து, படத்தை ஜன்னல் பக்கம் தூக்கி, "இங்க பாருங்க, இந்த இடம் தேஞ்சு போச்சு" என்பார். பார்த்தவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

டொக்டொக்கின் வீட்டுக்காரர் நில அளவைக்காரர். ஊரில் எந்த இரண்டு பேருக்கும் நடுவில் எல்லைக்கல் நடுவார். சொந்த அக்காளுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நூல் பிடிக்கச் சொன்னால் மட்டும் செருப்பைத் தேடுவார். கடைசியில் அவருக்கும் தப்பிக்க வழியில்லாத ஒரு நாள் வந்தது. நூலகத்துக்குப் பெரிய பார்வையாளர் புத்தகம் ஒன்று கட்டிக்கொண்டிருந்த பைண்டர், அதன் அட்டைக்குப் பூவேலைத் தோல் கேட்டு வந்தார். பித்தளைச் சட்டம் ஏற்கெனவே அடித்து வாங்கியாகிவிட்டது. பதினோரு இஞ்சு நீளம், எட்டு இஞ்சு அகலம். தோல் அதற்குள் உட்கார வேண்டும்.

"இந்த அட்டை அளவு தப்பாம வந்தா அறை உனக்கு," என்றார் வீட்டுக்காரர். "நீண்டுச்சுன்னா அக்காவுக்கு. இனிமே என்னை இழுக்காதீங்க."

அறை போனால் தொழில் போச்சு. மாடியில் வைத்துத் தட்டலாம் என்றால், அந்தப் பளிங்குக் கல்லை நாலு ஆள் தூக்க வேண்டும்; தட்டுகிற தட்டில் கீழே கூரைப் பூச்சு உதிரும். மறுபடியும் கம்பெனிக்குப் போய்க் கைப்பிடிதான் தைக்க வேண்டும்.

முதலில் மிச்சத் துண்டுகளில் சோதனை போட்டாள். பின்பக்கம் பிரவுன் டேப் ஒட்டினாள். ஈரத்தில் அது கழன்று அவள் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. காலண்டர் அட்டையில் ஒட்டினாள். அட்டை ஊறி அப்பளமாகப் பொரிந்தது. பலகையில் சுற்றிலும் ஆணி அடித்தாள்; ஆணிக்கு ஆணி தோல் இழுபட்டு, ஓரம் முழுக்கப் பல் பல்லாக இளித்தது. புதன்கிழமை பைண்டர் எட்டிப் பார்த்தபோது அவள் அழாத குறைதான்.

"எங்க பட்டறையில முன்னெல்லாம் பழைய எக்ஸ்ரே படத்த ஒட்டித் தட்டுவாங்கம்மா," என்றார் அவர். "பஞ்சர் ஒட்டற சொல்யூஷன் இருக்குல்ல, அதத் தடவி உள்பக்கம் ஒட்டிருங்க. படம் நீளாது, தண்ணி இழுக்காது. தோலு எங்க போகும்? வேல முடிஞ்சு காஞ்சதும் உரிச்சிரலாம். தண்ணியும் கம்மியாத் தொட்டுக்கங்க, சும்மா தொப்பலா நனைக்காதீங்க."

"படம் எங்க கிடைக்கும்?"

"அதான் தெரியல. இப்பல்லாம் ஃபோன்லயே அனுப்பிடறாங்க."

அவர் போன பிறகு அவள் மாடிப்படியைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள். மறுபடியும் மாடிப்படியைப் பார்த்தாள். அந்தத் தெருவிலேயே ஒரே ஒரு எக்ஸ்ரே படம்தான் இருந்தது. அது கூடத்து அலமாரியில் மஞ்சள் உறைக்குள் இருந்தது.

வியாழக்கிழமை நாத்தனார் பழைய தோழியைப் பார்க்க ஆட்டோவில் போனார். ஆட்டோ முனை திரும்பியதும் இவள் அலமாரியைத் திறந்தாள். படத்தை உருவி, அதே அளவுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் ஃபைல் அட்டை ஒன்றை வெட்டி உறைக்குள் வைத்தாள். பயமாக இருந்தது என்பது உண்மை. சிரிப்பு வந்தது என்பதும் உண்மை. அறையைப் பிடுங்க வந்த முட்டியே அறையைக் காப்பாற்றட்டும் என்று, மேசையில் கவிழ்த்துப் போட்டுச் சொல்யூஷன் தடவி, தோலின் உள்பக்கம் அழுத்தி ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை பாதிக் கொடி தட்டியிருப்பாள், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா அறிமுகம் செய்துகொள்ள வந்துவிட்டார். நாத்தனார் மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக முனகிக்கொண்டு இறங்கினார். பேச்சு நேராக முட்டிக்குப் போனது. அலமாரி திறக்கிற சத்தம் கேட்டதும் டொக்டொக்கின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

நாத்தனார் ஃபைல் அட்டையை உருவினார். ஒரு நொடி நின்றார். பிறகு மூலையில் கட்டைவிரலை அழுத்தி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"இங்க பாருங்க, இந்த இடம் தேஞ்சு போச்சு."

புது அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தக் கன்னங்கரேலென்ற அட்டையை உற்றுப் பார்த்தார். பார்த்து, "ஆமாங்க, நல்லாவே தெரியுது. பாவம், எப்படித்தான் பொறுத்துக்கறீங்களோ," என்றார்.

உள்ளே டொக்டொக் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை தோல் காய்ந்திருந்தது. ஒரு முனையில் நகத்தைக் கொடுத்து, படத்தை மெல்ல மெல்ல உரித்தாள். பசையை விரலால் உருட்டி எடுத்தாள். படம் எந்தச் சேதமும் இல்லாமல் வந்ததில் அவளுக்கு உயிர் வந்தது. கீறல் இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாத்தனாரின் கட்டைவிரல் எப்போதும் மறைக்கிற மேல் மூலையில் சின்ன வெள்ளை எழுத்து இருந்தது. வலது முழங்கை என்று இருந்தது. தேதி பதினாலு வருஷத்துக்கு முந்தியது.

தன் கையை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். முழங்கைதான். பால்காரர், சிலிண்டர்காரர், தெரு மொத்தமும் ஒரு முழங்கைக்காக உச்சுக்கொட்டியிருக்கிறது.

மதியம் பைண்டர் சட்டத்தோடு வந்தார். வீட்டுக்காரர் தன் இரும்பு டேப்பை இழுத்து, நீளத்தை மூன்று இடத்திலும் அகலத்தை மூன்று இடத்திலும் அளந்தார். பதினோரு இஞ்சு பதினோரு இஞ்சாகவே இருந்தது. சட்டத்துக்குள் தோலை வைத்ததும் அது பெட்டிப்பாம்பாக அடங்கி உட்கார்ந்தது. பைண்டர் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, அறை உனக்குத்தான்," என்றார் வீட்டுக்காரர், பைண்டர் போனதும். சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஆனா திங்கக்கிழமை அக்காவ வேற டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். அந்தப் படத்த எடுத்து வை. மாடி ஏறக் கூடாதுன்னு அவரும் சொல்லிட்டா, அப்புறம் நான் என்ன பண்ண முடியும் சொல்லு."

பேச்சு மாறியதில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வி தயார் செய்துகொண்டே ஏறினாள். நறுக்கென்று நாலு கேட்டால் ஆயுசுக்கும் அறையைப் பற்றிப் பேச்சு எழாது.

நாத்தனார் ஜன்னலோரம் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, காலை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார்.

"அண்ணி, உங்க படம்."

அவர் வாங்கிக்கொண்டார். மூலையைப் பார்த்தார்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"லாங் ஜம்ப் சொல்லிக் குடுக்கப் போயி உடைச்சுக்கிட்டது," என்றார். முகத்தில் வெட்கம் இருந்தாலும் குரலில் டிரில் டீச்சர் இருந்தார். "உன் ஃபைல் அட்டையும் கையில எடுத்ததுமே தெரிஞ்சுது. படத்த வளைச்சா ஒரு சத்தம் வரும். அதுல வரல."

"அப்புறம் ஏன் தூக்கிக் காட்டினீங்க?"

"காணோம்னு சொன்னா என் தம்பி தேடிக் கண்டுபிடிச்சு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு மூலைமுடுக்கெல்லாம் படிச்சிருவான். பத்திரம் படிச்சே பழகினவன்."

இவளுக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் சண்டை போட முடியாது என்று அடக்கிக்கொண்டாள். "அந்த அறை என் பொழப்பு அண்ணி. அதுமேல ஏன் உங்களுக்குக் கண்ணு?"

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இருநூறு பிள்ளைங்க சத்தத்துல முப்பது வருஷம் இருந்தேன். இங்க மின்விசிறி சத்தந்தான். கீழ உன்கிட்டதான் யாராவது வராங்க, பேசறாங்க. நீ தட்டறது இங்க வரைக்கும் கேக்குது."

"அதுக்கு ஒரு நாற்காலி கேட்டிருக்கலாமே. நான் என்ன வேணாம்னா சொல்லுவேன்?"

"கேட்டு வந்து உக்காந்தவங்கள எழுந்து போன்னு சொல்லிடலாம். சீக்காளிய யாரும் சொல்ல மாட்டாங்க."

படி ஏறும்போது தயார் செய்த கேள்வி ஒன்றுகூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பாவமாக இருந்தது. எட்டு மாதமாக ஒரு தரம்கூட, கீழே வந்து உட்காருங்கள் என்று தானாகக் கூப்பிடவில்லையே என்று தன்மேலேயே கோபமும் வந்தது.

"முட்டி தேவலையாயிருச்சுன்னு அவர்கிட்ட நீங்களே சொல்லிருங்க," என்றாள். "திங்கக்கிழமை பத்து மணிக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டுருவேன். ஆனா இந்தப் படம் எனக்கு வேணும். இனிமே இது இல்லாம நான் ஒரு பூவும் தட்ட முடியாது."

"ஒண்ணு போதுமா?"

நாத்தனார் எழுந்து, கட்டிலருகே சடாரென்று மண்டியிட்டு, அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியைத் தரதரவென்று இழுத்தார். உள்ளே கட்டுக்கட்டாக மஞ்சள் உறைகள். ஒவ்வொன்றாக எடுத்து இவள் கையில் அடுக்கினார். கணுக்கால், விலா, தோள்பட்டை, சுண்டுவிரல், மறுபடியும் கணுக்கால். "எல்லாம் நானே தனியாப் போயி, தனியா உக்காந்திருந்து வாங்கிட்டு வந்தது. எடுத்துக்கோ, எதுக்காவது உதவட்டும்."

இவள் உறைகளை ஒரு தரம் புரட்டிப் பார்த்தாள். "இதுல முட்டி எது அண்ணி?"

"முட்டியா?" என்றார் நாத்தனார், தரையில் குந்தியபடியே நிமிர்ந்து பார்த்து. "முட்டி மட்டும் எனக்கு ஒரு நாளும் வலிச்சதே இல்லம்மா."