தரையில் உட்கார்ந்து வாங்கிய டிவி

எங்கள் வீடு அஸ்தினாபுரத்தில். ஹாலில் பெரிய டப்பா டிவி ஒன்று இருந்தது. மாலையில் வேலை விட்டு வந்து நான் அதன் முன் உட்காரும் நேரத்தில், என் மனைவி சமையலறைத் தரையில் அடுப்பை வைத்து முறுக்கு சுட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்துக் கடைகளுக்குப் போடும் முறுக்கு. சீரியலின் சத்தம் மட்டும்தான் அவளுக்குக் கேட்கும்.

“ஏங்க, இப்ப யாரு அழுவுறது?” என்று உள்ளேயிருந்து கேட்பாள்.

“மூத்த மருமக.”

“அதுக்கு இன்னா வந்துச்சு?”

“தெரியல.”

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேச்சு அதோடு நின்றுவிடும். அவளும் படத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யட்டுமே என்று தோன்றும். சின்ன அளவில் தட்டை டிவி வரத் தொடங்கியிருந்த சமயம் அது. தீபாவளி போனஸ் வந்ததும், சமையலறைக்கு ஒன்று வாங்க குரோம்பேட்டைக் கடைக்குப் போனேன்.

எண்ணெய் தெறிக்கும் என்பதால் டிவியைக் கீழே வைக்க முடியாது. பாத்திர அலமாரிக்கு மேலேதான் இடம். அவளோ மணையில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் தெருவில் முடிவெட்டும் கடையில் இப்படி ஒரு டிவியை உயரத்தில் மாட்டியிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் முகமெல்லாம் கரியாகத் தெரியும். எழுந்து நின்றால் பளிச்சென்று ஆகிவிடும். அந்தப் பயம்தான் எனக்கு.

குரோம்பேட்டைக் கடையில் டிவிகள் எல்லாம் நிற்பவர் கண்ணுக்கு நேராக இருந்தன. எல்லாமே அழகாகத் தெரிந்தன. உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுற்றிலும் ஆட்கள்.

“இத்த எடுத்துக்கண்ணா, நல்லா போவுது” என்று சொல்லி, விற்பவர் பெட்டியை எடுக்கவே கிளம்பிவிட்டார். வேறு வழி தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“ஐயோ, இன்னாண்ணா, தல சுத்துதா? தண்ணி கொண்டாரட்டா?”

“இல்ல... எங்க வூட்டுல கீழ உக்காந்துதான் முறுக்கு சுடும். டிவி அலமாரி மேல. அதுக்குத் தெரியணும்.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே டிவியை மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அட, ஆமாண்ணா. ஹீரோயினு அட்டக்கரியா கீது.”

இன்னொன்றை வைத்தார். அதுவும் அப்படித்தான். மிக்ஸி வாங்க வந்த அம்மா ஒருவர், “இன்னாப்பா, பந்தி போடுறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது டிவியின் பின்னால் அட்டையை மடித்துச் செருகி, அதைக் கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்த்தார். முகங்கள் தெளிந்தன.

“சாய்ச்சி மாட்டுற கிளாம்ப் ஒண்ணு கீதுண்ணா. செவுத்துல அடிச்சிட்டா, டிவி அப்டியே அக்காவயே பாத்துகினு இருக்கும்.”

அந்த டிவியையும் கிளாம்பையும் வாங்கினேன்.

அதன் பிறகு மாலையில் நான் ஹால் டிவியைப் போடுவதில்லை. சமையலறை வாசலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொள்வேன். எண்ணெய் பொரியும் சத்தத்தில் பாதி வசனம் கேட்காது.

“இப்ப யாரு அழுவுறது?” என்று நான் கேட்பேன்.

“கண்ணு தெரியல? சின்ன மருமக” என்பாள். அப்புறம் முறுக்கைத் திருப்பிப் போட்டபடி, அந்த மருமகள் ஏன் அழுகிறாள் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்குவாள்.