மூன்று முறை கூப்பிட்டேன்

டவாலிச் சேவகன் வேலைக்குத் தொண்டை இருந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். வேலையில் அடிபட்டவர்களின் நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் கமிஷனர் துரை மாதம் ஒரு நாள் பூந்தமல்லி முசாபரி பங்களாவில் முகாம் போடுவார். நான் வாசற்படியில் நின்று பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். ஆள் வராவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். நீங்களும் ஏதாவது ஒரு ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றிருப்பீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று வாசலில் நின்ற சேவகனுக்காவது தெரியும் என்று நினைத்திருந்தால், அது தப்பு.

லீவு

சென்னீர்குப்பம் எத்திராசுக்கு ரைஸ் மில் பெல்ட்டில் சிக்கி இடது கையில் நாலு விரல் போய்விட்டது. அதன் பிறகு அதே மில்லில் வண்டி மாட்டைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தார்கள். பூந்தமல்லியில் மனு எழுதும் சாயபு ஒருவர் எழுதிக் கொடுத்ததில் வழக்கு பதிவாகி நம்பரும் விழுந்துவிட்டது.

முதல் வாய்தாவில் மூன்று முறை கூப்பிட்டேன். அவன் வரவில்லை. அவன் பெண்சாதி பச்சையம்மாள் மட்டும் படிக்குக் கீழே நின்றிருந்தாள். லீவு கேட்க மில்லுக்குப் போயிருக்கிறான் என்றாள். துரை அதைக் கேட்டு வேறு தேதி கொடுத்தார். யார் மேல் வழக்கோ அந்த முதலாளியிடமா லீவு கேட்கப் போனான் என்று அவளிடம் விசாரித்தேன். தப்பு என் பேரில் இருப்பதுபோலப் பார்த்தாள்.

"அவரு கையில சொல்லிக்காம அவரு மேல கேசுக்கு எப்டி சாமி வர்றது?"

மாடு

அடுத்த தடவை முதலாளி தாராளமாக லீவு கொடுத்துவிட்டாராம். நானும் அங்கேதான் போகிறேன், வண்டியைக் கட்டு என்றாராம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அதுவரை எத்திராசை நான் பார்த்ததுகூட இல்லை. பெயரைக் கூப்பிட்டபோது, புளியமரத்தடியில் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு மாட்டைப் பார்த்தான். வண்டிக்காரன் என்று விட்டுவிட்டேன். உள்ளே முதலாளி, அவன் வரவில்லை போலிருக்கிறது என்று அடக்கமாகச் சொன்னார். இதுதான் கடைசி வாய்தா, அடுத்த முறை ஆள் இல்லையென்றால் வழக்கு போயிற்று என்று துரை எழுதிவிட்டார்.

முதலாளி வண்டியில் ஏறும்போதுதான் வண்டிக்காரனின் இடது கையில் சுற்றியிருந்த துணியைக் கவனித்தேன். படியில் நின்றபடியே, பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

"உயுந்துச்சி அண்ணாத்தே. மாட்டை ஆரு புடிச்சிப்பாங்க?"

சட்டம்

அடுத்த முறை படி இறங்கிப் போய் அவனைக் கையோடு கூட்டி வந்துவிடுகிறேன் என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கூப்பிடும் நேரத்தில் சேவகன் படி இறங்கக் கூடாது. வழக்குக் கட்சிக்காரன் மேல் கை வைக்கக் கூடாது. கட்சிக்காரனைத் தவிர யாரையும் உள்ளே விடக் கூடாது. இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"கூப்பிடறதுதான்டா உன் வேலை. வரவழைக்கிறதுக்கு யாரையும் போடலை."

நாற்காலி

கடைசி வாய்தா என்று சாயபு படித்துப் படித்துச் சொன்னதால் எத்திராசும் பச்சையம்மாளும் விடியும் முன்பே புறப்பட்டு நடந்து வந்திருந்தார்கள். நான் மை வாங்கி வரப் பின்கட்டுக்குப் போயிருந்த நேரத்தில் முதலாளி வண்டி வந்து நின்றிருக்கிறது. எத்திராசு பழக்கதோஷத்தில் ஓடிப்போய் அவர் குடையை வாங்கிக்கொண்டு, அவர் பின்னாலேயே உள்ளே போய்விட்டான்.

நான் திரும்பி வந்தபோது வெளியே பச்சையம்மாள் மட்டும்தான் இருந்தாள். உள்ளே வரப் பார்த்தவளைப் படியிலேயே நிறுத்தினேன். சட்டம் அப்படி. ரோட்டைப் பார்த்து ஒரு முறை கூப்பிட்டேன். உள்ளே முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எத்திராசு நாற்காலிக்குப் பின்னால் குடையை அக்குளில் வைத்துக்கொண்டு அவர் உத்தரவுக்காக நின்றிருக்கிறான். அவரோ சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இரண்டாவது முறை கூப்பிட்டேன். "உள்ள போனாரே" என்றாள் பச்சையம்மாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரோட்டைப் பார்த்தே மூன்றாவது முறையும் கூப்பிட்டேன். தள்ளுபடி என்று எழுதத் துரை பேனாவைத் திறந்தார்.

பச்சையம்மாள் என் கையை விலக்கினாள். தடுப்பதா விடுவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் துரையின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"இங்கதான் கீறாரு சாமி. மொதலாளி நாற்காலிக்குப் பின்னால கீறாரு. இந்தாண்ட வரச் சொல்லுங்க."

அன்று எத்திராசு முன்னால் வந்து சொன்னதைக் குமாஸ்தா இரண்டு தாள் எழுதி முடிக்கும்வரை முதலாளியின் குடையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன், அது என் வேலையில் சேர்த்தியா இல்லையா என்பதை இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.