பால் நிறுத்தற பூ

பூக்கடைக்காரனுக்கு வாய் ஜாஸ்தியா இருக்கக் கூடாது. என்ன மாதிரி கடை போட்டு, வாய் கொடுத்து மாட்டிக்கினவங்களுக்கு இது நல்லாப் புரியும். கள்ளக்குறிச்சியில ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல எனக்கு மல்லிப்பூ வியாபாரம். பூன்னா தலைக்கும் சாமிக்கும்தான்னு நினைச்சிக்கினுதான் நானும் கடை வெச்சேன்.

இலை கேட்ட டிரைவர்

உளுந்தூர்பேட்டையிலேர்ந்து லோடு ஏத்திக்கினு வந்த ஒரு டிரைவர் லாரிய ஓரங்கட்டிட்டு வந்தாரு. வாயெல்லாம் புண்ணு, பேச்சே சரியா வரல. மென்னு துப்பறதுக்கு மல்லிப்பூச் செடியோட இலை நாலு வேணுமாம். எங்க வூட்டு வாசல்லயே செடி கீது, ஆனா இலைய யாரு கடைக்கு எடுத்துக்கினு வருவா? இல்லீங்கன்னேன். மனுஷனுக்கு வந்துதே கோவம்.

"மருந்த வூட்ல வுட்டுட்டு பூவ மட்டும் தூக்கினு வந்து குந்திக்கினு கீற, நீ இன்னா வியாபாரி பாய்?"

பால் மறக்கடிக்க

கச்சிராயபாளையத்துக்கார அம்மா ஒருத்தவங்க, ரெண்டரை வயசுப் பையன இடுப்புல வெச்சிக்கினு வந்து மல்லி உதிரியா கேட்டாங்க. சாமிக்கான்னேன். இல்ல, இவன் பால மறக்கணும்னாங்க. மல்லிப்பூவ மார்ல வெச்சிக் கட்டினா பால் சுண்டிடுமாம், வாட வாட மாத்தணுமாம். எனக்கு மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல. பொட்லம் கட்டற சாக்குல குனிஞ்சிக்கினேன். அடுத்த வாரம் அவங்க திரும்ப வந்தாங்க, பையன் அதே இடுப்புல.

"எங்க பாய் நிக்குது, இவன் பூவையும் சேத்து தின்னுட்டு குடிக்கறான்."

ரோஜா

கோவிந்தன்னு ஒருத்தரு பிரசவ வார்டுலேர்ந்து நேரா என் கடைக்கு வந்தாரு. கல்வராயன் மலையில வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஊரு. உதிரி மல்லி ரெண்டு கை கேட்டாரு. உதிரின்னதுமே எனக்குப் புரிஞ்சிருக்கணும். ஆனா கைக்குழந்தைக்காரிக்கு பால் நிறுத்த யாரு பூ வாங்குவா? அது தோணல பாருங்க. பொஞ்சாதி தலைக்குத்தான், வார்டுல யாராவது கட்டித் தருவாங்கன்னு நினைச்சிட்டேன். புள்ளையா பொண்ணான்னு சிரிச்சிக்கினே கேட்டு, ஒரு ரோஜாவையும் எடுத்து மேல வெச்சேன். அவரு அந்த ரோஜாவ மட்டும் எடுத்து திரும்ப பக்கெட்ல வெச்சாரு.

"பொண்ணுதாங்க. முந்தாநேத்து பொறந்துது, அன்னைக்கே போயிடுச்சி. பொஞ்சாதி பால் கட்டிக்கினு அழுவுது, அதுக்குத்தான்."

அஞ்சு நாள்

அப்புறம் தெனம் காலையில ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம் வருவாரு. மூட்டைய பிரிச்சதும் நல்ல மொக்கா பொறுக்கி அவருக்குன்னு தனியா எடுத்து வெச்சிடுவேன். முகம் தெரியாத அந்தப் பொண்ணுக்கு வலி நிக்கணும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நாலு நாள் ஆச்சி, பால் நிக்கல. நர்சம்மா மாத்திரை தர்றேன்னாங்களாம், அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிடுச்சாம். பூ பழசாங்கன்னு கோவிந்தன் கேட்டாரு. கோவமா கேட்டிருந்தா தேவலை, மெதுவா கேட்டாரு. நான் போயி எனக்கு மொத்தமா பூ போடறவனோட சண்ட போட்டேன்.

அஞ்சாம் நாள் டிஸ்சார்ஜ். மலை பஸ்ஸுல எடம் புடிக்க அவரு முன்னால ஓடிட்டாரு. அந்தப் பொண்ணு மெள்ள நடந்து வந்து கடைகிட்ட நின்னுச்சி. இருபது வயசு இருக்கும். ரவிக்கை முன்பக்கம் நனைஞ்சிருந்துது, அத மறைக்கக்கூட இல்ல. திட்டப்போவுதுன்னு நினைச்சி, மன்னிச்சிக்கம்மா, பூ சரியில்லன்னு நானே ஆரம்பிச்சேன். அது தலைய ஆட்டுச்சி.

"பூ மேல தப்பில்லீங்க. அவரு வெளிய போனதும் நான்தான் அவுத்துடுவேன். பால் இருக்கற வரைக்கும்தான நான் அவளுக்கு அம்மா."

பஸ் போற வரைக்கும் நான் குனிஞ்ச தலை நிமிரல. அழுதேன், அத சொல்றதுக்கு எனக்கு இன்னா வெக்கம்?

மல்லி பால நிறுத்துமா பாய்னு இன்னைக்கும் வந்து கேக்கறாங்க. நிறுத்தணும்னு நினைக்கறவங்களுக்கு நிறுத்தும்னு சொல்லிட்டு, வாய மூடிக்கினு பொட்லம் கட்டறேன்.