ஓரடி ஒன்பது அங்குல மேடு

முத்தையா மீனம்மா (1958–2024). மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் பெற்றோருடன் வன்னிக்கு வந்து, விசுவமடுவுக்குத் தெற்கே வெட்பாலைமோட்டைக் குளத்தின் கீழ் குடியேறினார். கணவர் 2009 மார்ச்சில் இறந்தார். மகள் ரஜிதா, மகன் யதுர்ஷன் என இரு பிள்ளைகள்.

மீள்குடியேற்றத்துக்குப் பின்னர், 2011இல், அவருடைய வளவில் ஒரு மழைமானி நாட்டப்பட்டது. நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதை வாசித்துப் பதிவேட்டில் எழுதுவது அவர் பொறுப்பு. அதற்குக் கிடைத்த கொடுப்பனவு சொற்பம். அவரோ கேட்டதைவிட அதிகமாகச் செய்தார். மழையை அளந்த கையோடு அணைக்கட்டுக்கு நடந்து, நீர் திறக்கும் மதகான துருசடியில் உள்ள அளவுகோலில் குளத்து நீர்மட்டத்தையும் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவந்தார்.

சில ஆண்டுகளில் அந்த இரு நிரல்களும் அவருக்கு ஓர் ஒழுங்கைக் காட்டின. கோடையில் காய்ந்து வெடித்த காட்டு நிலம், ஒக்டோபரில் பெய்யும் மழையை முதலில் தானே குடிக்கும். முதல் இருநூறு மில்லிமீற்றருக்குக் குளம் ஒரு விரற்கடைகூட உயராது. நிலம் நிறைந்த பின்னரே ஓடையில் நீர் ஓடும். அதன்பின் நாற்பது மில்லிமீற்றர் பெய்தால் குளம் ஏறத்தாழ ஓரடி உயரும். ஏட்டுக் கல்வி ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவர் பதினொரு ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு கண்ட கணக்கு இது. ஊர் உழவர்களின் கமக்காரர் அமைப்பினர் விதைப்புக்கு முன் அவரிடம் கேட்காமல் எதையும் தீர்மானிப்பதில்லை.

குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் அவர் நடந்தே அறிந்தார். வன்னி நிலம் தட்டையானது. ஒரு குளத்தின் நீரேந்து பரப்பு எங்கே முடிகிறது, அடுத்த குளத்தினுடையது எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் புலப்படாது. 2016ஆம் ஆண்டு ஆவணியில், மேசன்மார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயின் ஒரு முனையைத் தாமும் மறுமுனையை மகளும் பிடித்து, காட்டுக்குள் ஐந்து நாட்கள் அளந்தார். மூன்று கிலோமீற்றர் தொலைவில், ஓடையின் கிழக்குக் கரையில், ஓரிடத்தில் இருவரும் நின்றுவிட்டனர். வெட்பாலைமோட்டைக்கு வரும் நீரையும் அயலூரான கொன்றையடிக்குளத்துக்குப் போகும் நீரையும் அங்கே பிரித்து நின்ற மேட்டின் உயரம் ஓரடி ஒன்பது அங்குலம் மட்டுமே.

மீனம்மா இதைப் பதிவேட்டில் எழுதவில்லை, அமைப்புக்கும் அறிவிக்கவில்லை. எழுதினால் நாலு பேர் கண்ணில் படும், நாலு பேர் கண்ணில் பட்டால் ஒருவன் மண்வெட்டியோடு போவான் என்பது அவர் நியாயம். காவல் போட வேண்டிய இடத்தை மறைத்து வைத்தார். அவ்விடம் தாய்க்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். மறு ஆண்டு ரஜிதா, கொன்றையடிக்குளத்து நிரோஜனை மணந்து அவ்வூருக்குப் போனார்.

2022 டிசெம்பர் 4ஆம் திகதி கமக்காரர் அமைப்பின் கூட்டம் நடந்தது. அதுவரை பெய்த மழை நானூற்றுப் பத்து மில்லிமீற்றர். குளத்தில் ஐந்தடி நீர். வாய்க்கால் முடியும் கடைப்புறத்தில் விதைக்காமல் கிடந்த முப்பத்தெட்டு ஏக்கரில் மூன்று மாத நெல்லை விதைப்பதா, விடுவதா என்பதே கேள்வி. அந்தக் காணிகள் முப்பத்தொரு குடும்பங்களுக்கு உரியவை.

“மீனம்மாக்கா, நீங்கள் சொல்லுங்கோ. குளம் ஏறுமோ?” என்று தலைவர் கணபதி கேட்டார்.

“நெலம் நெறைஞ்சிருச்சு தம்பி. இனிப் பெய்யிறதெல்லாம் குளத்துக்குத்தான். நூத்தறுபது பெய்ஞ்சா ஒம்பதடி வரும். வெதைங்க.”

விதைத்தார்கள். இரண்டு நாள் கழித்து ரஜிதா தொலைபேசியில் அழைத்து, குளம் எத்தனை அடி, உங்கட ஊரில் விதைப்பு முடிந்ததா என்று விசாரித்தார். மகளுக்கு ஊர் நினைவு இருக்கிறதே என்ற மகிழ்ச்சியில் மீனம்மா எல்லாவற்றையும் சொன்னார்.

டிசெம்பர் 9 முதல் 27 வரை நூற்று அறுபத்தெட்டு மில்லிமீற்றர் மழை பெய்தது. குளம் உயர்ந்தது ஐந்து அங்குலம்.

கடைக்காணிக்காரர்களில் ஒருவரான ஆண்டியப்பன், சந்திக் கடையில் நின்று பலர் கேட்கச் சொன்னார்: “அக்காவின்ர மானிக்குள்ள கோழி கீழி குடியிருக்குதோ தெரியேல்ல. எதுக்கும் ஒருக்கால் முட்டை கிடக்குதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ.” கடையே சிரித்தது. மீனம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஜனவரி 4ஆம் திகதி தனியே ஓடையைப் பிடித்து மேலே நடந்தார். மணல் ஈரமாக இருந்ததேயன்றி நீர் ஓடவில்லை. அந்த இடத்தை அடைந்தபோது காரணம் தெரிந்தது. மேடு நாற்பது யார் நீளத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. ஓடைக்குக் குறுக்கே மண் குவித்து மறித்திருந்தார்கள். மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தின் சங்கிலித் தடம் காய்ந்து கிடந்தது. காட்டு நீர் முழுவதும் ஓசையின்றிக் கிழக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அளந்து பாராத ஒருவனால் அந்த இடத்தைத் தேர்ந்திருக்க முடியாது.

மறுநாள் மகள் வீட்டுக்குப் போனார். ரஜிதா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

“அந்த மேட்டை யாருக்குடி காட்டின?”

“எந்த மேடு?”

“நானும் நீயும் கொழாய் புடிச்ச மேடு.”

ரஜிதா திருவுவதை நிறுத்தவில்லை. “இவருக்குச் சொன்னனான். இஞ்சையும் சனம் இருக்குதம்மா. எங்கட குளம் ரெண்டு வருசமா நிரம்பி வான் பாயேல்ல. மிச்சத் தண்ணி கடலுக்குத்தானே போகுது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?”

“நெறைஞ்சு வழியுற தண்ணியைச் சொன்னேன். அஞ்சடித் தண்ணியையா சொன்னேன்? முப்பத்தொரு வீட்டுக்காரங்க என் பேச்சை நம்பி வெதைச்சாங்கன்னு ஒனக்குத் தெரியும். போன் போட்டுக் கேட்டியே!”

அதற்குப் பின்னரே ரஜிதா நிமிர்ந்தார். “தம்பிக்குக் காணியை எழுதேக்கை என்ர நினைவு வந்ததோ? அவன் கட்டாரில இருந்துகொண்டு வரம்பில கால் வைக்கப்போறேல்ல. எனக்கு ஒரு தாலியும் ரெண்டு கதிரையும்.”

“அரசாங்கக் காணி அனுமதிப்பத்திரத்துல, எனக்கப்புறம் யாருக்குன்னு பின்னுரிமைக்கு ஒரு பேர்தான் போட விடுவாங்க. ஒனக்குத் தெரியாதா?”

“ஓம், தெரியும். அந்த ஒரு பேர் என்ர பேரா இருந்திருக்கலாமே.”

 அப்போது நிரோஜன் உள்ளே வந்தார். விடயத்தை ஊகித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு பேசினார்.

“மாமி, இருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். இதைப் பெரிசாக்காதேங்கோ. மழை குறைவு எண்டு சொன்னாச் சரி. உங்கட கொப்பியில கூட்டின நூத்தறுவத்தெட்டில முன்னுக்கு நிக்கிற ஒண்டை அழிச்சா அறுவத்தெட்டு. ஆர் வந்து பாக்கப்போகினம்?”

“அப்ப நான் பிழையாச் சொன்னவளாகிருவேன்.”

“வானத்தைப் பற்றிச் சொன்னது பிழைச்சா ஆரும் கோவிக்கமாட்டினம், மாமி.”

அவர் சொன்னது உண்மைதான். மழை பொய்த்ததென்றால் ஊர் மீனம்மாவை மன்னித்திருக்கும். மகளின் வீட்டு வாசலும் திறந்தே இருந்திருக்கும். இலக்கம் ஒன்றை மாற்றினால் போதும். மூன்று நாட்கள் அவர் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. அந்த மூன்று நாட்களுக்கும் மழையில்லை என்பதால் மழைக் கணக்கில் குறையும் ஏற்படவில்லை.

ஜனவரி 8ஆம் திகதி மீண்டும் கூட்டம் கூடியது. கடைக்காணிப் பயிர் ஏற்கெனவே நுனி கருகத் தொடங்கியிருந்தது. மீனம்மா எழுந்து நின்று, மழை நூற்று அறுபத்தெட்டுத்தான் என்றார். மேடு இருக்கும் இடத்தையும், அது வெட்டப்பட்டிருப்பதையும், அதை 2016இல் அளந்ததையும், ஊருக்குச் சொல்லாமல் மறைத்ததையும் சொன்னார். அளக்கும்போது உடனிருந்தவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. அவராகவே மகளின் பெயரைச் சொல்லிவிட்டு அமர்ந்தார்.

அதன்பின் முறைப்பாடு, அதிகாரிகளின் வருகை, பொலிசார் நிரோஜனை இரண்டு தடவை அழைத்து வாக்குமூலம் பெற்றமை என ஒரு மாதம் சென்றது. வெட்டிய மேடு பெப்ரவரி 11ஆம் திகதி மூடப்பட்டது. அதற்குள் வெட்பாலைமோட்டையின் முப்பத்தெட்டு ஏக்கரும் பதராயின. திருப்பிய ஓடை நீரை நம்பி நிரோஜன் விதைத்திருந்த நாலு ஏக்கரும், கதிர் வெளிவருமுன், குடலைப் பருவத்தில் வாடின.

உண்மையைச் சொன்னதற்கு ஊர் நன்றி பாராட்டவில்லை. பெப்ரவரி இறுதியில் கணபதி வந்து வேலிப் படலையடியில் நின்றார்.

“குறை நினையாதேங்கோ அக்கா. மானியைப் பள்ளிக்கூட வளவுக்கு மாத்துவம் எண்டு சனம் சொல்லுது.”

“நான் எழுதினதுல பிழை இருக்கா தம்பி?”

“பிழையெண்டு ஒருத்தரும் சொல்லேல்ல அக்கா. மகளுக்கு ஒரு இடத்தைச் சொன்னவா நாளைக்கு இன்னொண்டைச் சொல்லமாட்டாவோ எண்டு ஆண்டியப்பண்ணை கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?”

மீனம்மா பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். ஒரு பக்கத்திலும் அழித்தெழுதிய தடம் இருக்கவில்லை. கணபதி அதைப் பிரித்துப் பார்க்காமலே மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்தார்.

மார்ச் மாதத்தில் ரஜிதா கணவரோடு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை.

“அம்மா, நடந்தது நடந்துபோச்சு. இவரின்ர நாலு ஏக்கரும் உங்களாலதான் போனது. காணிப் பேரை எனக்கு மாத்தி விடுங்கோ. நான் முன்ன மாதிரி வந்து போவன்.”

“நீ காணியை மட்டும் கேட்டிருந்தா மாத்தியிருப்பேன். வந்துபோறதுக்குக் கூலியாக் கேக்குற. அப்படி நீ வரவேணாம்.”

“அப்ப ஊரில எழும்பி நிண்டு என்ர பேரைச் சொன்னதுக்கு எனக்கு என்ன தருவியள்?”

“ஒண்ணும் தரமாட்டேன். என் பேரையும் சேத்துத்தான் சொன்னேன்.”

ரஜிதா ஏறி அமர, நிரோஜன் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். அதன்பின் மீனம்மா பதினேழு மாதங்கள் உயிரோடிருந்தார். மகளோடு அவர் கடைசியாகப் பேசியது 2023 மார்ச் 19ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.