கலோர் என்றால் போதும்

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம் அது. இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் நல்லையா சமையல்காரர். மனைவி பெரியாயி காய்ச்சலில் போனபிறகு அவர் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் போகவில்லை. குசினிக்குப் பின்னாலிருந்த அறையிலேயே முடங்கிக்கொண்டார்.

துரையும் தனிக்கட்டை, ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஏதோவொரு தீவில் பிறந்தவர். சாப்பாட்டு மேசையில்தான் இருவருக்கும் பேச்சு. நல்லையா சூப் ஊற்றுவார். துரை கையை உயர்த்தி, "கலோர்" என்பார். நல்லையா நிறுத்திவிடுவார்.

ஒரு மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்து இங்கிலீஷ்காரத் துரை விருந்துக்கு வந்தார். கோழிக்கறி பிடித்துப்போய், தட்டை நீட்டி, "கறி கலோர்" என்றார். நல்லையா சட்டியோடு உள்ளே போய்விட்டார்.

"கலோர்னா ஏராளம். இவன் இருக்கிறதையும் தூக்கிட்டுப் போறான்" என்று விருந்தாளி முகம் சிவந்தார்.

அவர் போனதும் துரை கூப்பிட்டார். நல்லையா கைகட்டி நின்றார்.

"போதும்னு சொன்னாங்கன்னு நெனச்சுட்டேங்க தொரை."

"ஒம்மேல தப்பில்ல," துரை தோட்டத்துத் தமிழில் சொன்னார். "அது எங்க தீவுலயும் அயர்லாந்துலயும் பேசுற பாஷை. அம்மா சோறு போடுறப்ப சொல்லுவோம். போதும்னும் அர்த்தம், நெறைய இருக்குன்னும் அர்த்தம். இங்கிலீஷ்காரன் எடுத்துக்கிட்டான். போதுங்கிறத விட்டுட்டு, ஏராளத்த மட்டும் வச்சுக்கிட்டான்."

"இங்க அந்தப் பாஷை பேச வேற யாரும் இல்லீங்களா?"

"ஒங்கிட்டதான் ஒரு சொல்லு பேசுறேன்."

அதன்பிறகு சாயங்காலங்களில் துரை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தார்: தண்ணீர், நெருப்பு, மழை. நல்லையாவின் நாக்கு எளிதில் வளையவில்லை. ஆனாலும் விடவில்லை. பெரியாயியைப் பற்றித் துரை கேட்கவில்லை. துரையின் வீட்டாரைப் பற்றி இவரும் கேட்கவில்லை.

சில வருடங்களில் துரைக்கு இருமல் முற்றியது. ஊருக்குக் கப்பலேறப் புறப்பட்டார். ரயிலடிவரை பெட்டியைச் சுமந்துபோன நல்லையாவின் கையைப் பிடித்துத் தன் பாஷையில் ஏதோ சொன்னார். நீளமான வாக்கியம். அதில் ஒரு சொல்கூட நல்லையா கற்றதில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

புதுத் துரை தன் சமையல்காரரோடு வந்தார். நல்லையா பண்டாரவளையில் ஸரூக் முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தார். காலையிலிருந்து இரைச்சல்தான். அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. நெருப்புக்கான சொல் முதலில் மறந்துபோனது. ஒருநாள் மழை கொட்டும்போது அதற்கான சொல்லைத் தேடிக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன நல்லையா, உப்புப் போட்டீங்களான்னு மறந்து போச்சா?" என்றார் ஸரூக்.

"இல்லீங்க மொதலாளி. இது வேறொண்ணு" என்றார் நல்லையா.